பிள்ளைகள் லீவுக்கும் ஒரு டூட்டி சார்ட்

மார்ச் பிறந்ததும் எங்கள் வார்டில் பேச்சு மாறிவிடும். "அக்கா, உங்க பிள்ளைகள எந்த கேம்ப்ல சேக்கப் போறீங்க?" கேட்கிறவர்கள் எல்லாரும் என்னைப் போல ஷிப்ட் பார்க்கிற தாய்மார்கள். நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டுநர். ஏப்ரல், மே மாதத்தில்தான் எங்கள் இரண்டு பேருக்குமே வேலை கூடும். அவருக்குத் திருவிழா சிறப்புப் பேருந்து, முகூர்த்த நாள் கூட்டம். எனக்கு வயிற்றுப்போக்கு, அம்மை, வெயிலில் சுருண்டு விழுந்து வருகிறவர்கள். பெரியவள் இந்த ஜூனில் எட்டாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு.

எந்த கேம்ப் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு உன் பிள்ளையோடு யார் இருப்பார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் கீபோர்டு, அபாகஸ், ரோபோட்டிக்ஸ் என்று நோட்டீஸைப் புரட்டிப் பயனில்லை. முதலில் ஆள், அப்புறம் இடம், வகுப்பு கடைசியில். இந்த வரிசையில் போனால் செலவும் குறையும், ஓட்டமும் குறையும்.

பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். இடது ஓரத்தில் தேதிகள். குறுக்கே ஐந்து கட்டம்: காலை ஏழு முதல் பத்து, பத்து முதல் ஒன்று, ஒன்று முதல் நான்கு, நான்கு முதல் ஏழு, இரவு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கப்போகிற பெரிய ஆளின் பெயரை எழுதுங்கள். அப்பா, அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, யாரானாலும் சரி. "பார்த்துக்கலாம்" என்று தோன்றுகிற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். எழுதி முடித்ததும் வெற்றுக் கட்டங்கள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லாமே பத்து முதல் நான்கு வரை, அதிலும் வீட்டுக்காரர் ரூட்டில் இருக்கிற நாட்களில். ஆகவே நாங்கள் தேடவேண்டியது அந்த நேரத்துக்கு மட்டும்தான். மாலை ஆறு மணி கராத்தே வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது எங்கள் சிக்கலைத் தீர்க்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. பத்து மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடிகிற வகுப்பில் பிள்ளையைச் சேர்த்தால், கொண்டுபோய் விட்டுத் திரும்ப வேண்டும், மறுபடி போய்க் கூட்டிவர வேண்டும். அதற்காகவே ஒரு பெரிய ஆள் அரைநாள் சும்மா இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் அந்த வகுப்பே தேவைப்பட்டிருக்காது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவருவது, ஒன்று முழுப் பகலும் நடக்கிற முகாம், இல்லையென்றால் பிள்ளை தானே நடந்து போய்வரக்கூடிய தெருமுனை வகுப்பு. நடுவில் இருப்பவை எல்லாம் வீட்டில் ஆள் உள்ளவர்களுக்கு.

மேலிடத்தில் எப்போது பேசுவது

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அடுத்த மாத டூட்டி சார்ட்டை இருபதாம் தேதிக்கு மேல் போடுவார். நான் பதினைந்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்துவிடுவேன், எந்த வாரம் நைட், எந்த வாரம் காலை டூட்டி, டே-ஆஃப் எந்தக் கிழமை என்று. வாயால் சொன்னால் வார்டு இரைச்சலில் மறந்துபோகும். பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கிற வாரங்களில் நைட் டூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். அப்போது மிச்ச வாரங்களுக்குக் காலை டூட்டி கேட்க எனக்கு வாய் இருக்கும். வார்டில் கல்யாணமாகாத இளம் நர்ஸ்களோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் உண்டு: தீபாவளி அன்றைக்கு அவர்கள் ஊருக்குப் போக நான் டூட்டி பார்ப்பேன், மே மாதத்தில் அவர்கள் எனக்காக மாற்றிக்கொள்வார்கள். உங்கள் வேலை எதுவானாலும் இப்படி ஏதாவது ஒரு நாணயம் புழக்கத்தில் இருக்கும். அதை அக்டோபரிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள். ஏப்ரல் கடைசியில் போய்க் கெஞ்சினால் எல்லாரும்தான் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

மதுரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சித்திரைத் திருவிழா பெரும்பாலும் லீவுக்குள்ளேயோ அதன் வாசலிலேயோ வந்துவிடும். 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12 அழகர் ஆற்றில் இறங்கினார். அந்த நாட்களில் பாதி ஊருக்குப் பாதை அடைப்பு, முகாம்களும் அநேகமாக இருக்காது, பஸ் ஓட்டுகிறவருக்கு லீவே கிடையாது. சார்ட் போடும்போது அந்த வாரத்தை முதலிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்.

பாட்டி வீடு

எங்கள் அம்மா வீடு போடிநாயக்கனூரில். 2023 ஜூனிலிருந்து மதுரையிலிருந்து போடி வரைக்கும் ரயில் ஓடுகிறது. சின்னவனுக்கு அந்தப் பயணமே பாதி லீவு. மே முதல் இரண்டு வாரம், கத்திரி வெயில் ஏறுகிற நேரம், பிள்ளைகள் அங்கே. இதைச் சொன்னால் "உனக்கென்ன, அம்மா இருக்காங்க" என்பார்கள். இருக்கிறார்கள், அறுபத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, காலையும் மாலையும் பிரஷர் மாத்திரையோடு. அதனால்தான் இரண்டு வாரத்தோடு நிறுத்துகிறேன். போன வருஷம் நானே பேச்சை எடுத்தேன். "இன்னும் ஒரு வாரம் வச்சுக்கிறியாம்மா?" என்றதற்கு, "வச்சுக்கிறேன் தாயி, பிள்ளைக கெடக்கட்டும். ஆனா நீயும் வந்து இரு" என்றார். அதற்கு அர்த்தம் என்னவென்று மகளுக்குத் தெரியாதா? கூட்டிவந்துவிட்டேன்.

பாட்டி வீட்டுக்கு அனுப்பும்போது செய்யவேண்டியவை கொஞ்சம் உண்டு. பலசரக்குக்கும் பாலுக்கும் பணம் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். பென்ஷனிலிருந்து பேரப் பிள்ளைகளுக்குச் செலவழிப்பது பெருமைதான் என்றாலும் மாதக் கடைசியில் மாத்திரைக்குத்தான் கைவைப்பார்கள். பிள்ளைகளின் மருந்து, காய்ச்சலுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டிவிடுங்கள். பாட்டியின் மாத்திரைப் பெட்டி பேரன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வார்டில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன், லீவில் அது ஒரு தொடர்கதை. கிணறு இருந்தால் ஒரே விதி: நீச்சல் தெரிந்த பெரிய ஆள் தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்தான் பிள்ளை தண்ணீரில் இறங்கலாம். மேலே கரையில் நின்று பார்க்கிறவர் கணக்கில் வரமாட்டார்.

சென்னையிலோ கோவையிலோ சித்தி, மாமா வீடு என்றால் டிக்கெட்தான் முதல் வேலை. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே 3 கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் 4 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். தேர்வு அட்டவணை அப்போது வந்திருக்காது. பரவாயில்லை, போடுங்கள், பிறகு ரத்துசெய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதி வரும். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. ஏழு வயதுப் பையனை இரவு முழுக்க என் படுக்கையில் வைத்துப் படுத்த அனுபவத்தில் சொல்கிறேன், முழுக் கட்டணம் கொடுத்துவிடுங்கள்.

குறைந்த செலவில் இருப்பவை

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. இங்கே ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு தடகளம், கைப்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி என்று. காலையில் வெயில் ஏறுமுன் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம். கட்டணம் பெரிதாக இருக்காது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பதிவு தொடங்கிவிடும் என்பதால் ஏப்ரல் நடுவிலிருந்தே நேரில் போய் விசாரித்துவையுங்கள். இது பகல் கட்டங்களை நிரப்பாதுதான். ஆனால் நைட் டூட்டி முடித்து வருகிற வழியில் பெரியவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், களைத்துப்போன பிள்ளை மதியம் வம்பு செய்யாது.

பகலுக்கு என் முதல் ஓட்டு புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 திறந்தார்கள். முதல் தளம் குழந்தைகளுக்கானது, ஏசி, உட்கார்ந்து படிக்கவும் படுத்துக்கொண்டு படிக்கவும் இடம். லீவு நாட்களில் கதை சொல்லல், ஓவியம், பொம்மை செய்தல் என்று ஏதாவது நடத்துவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம். ஆனால் நூலகத்தைக் குழந்தைகள் காப்பகமாக நினைத்து விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட ஒரு பெரிய ஆள் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எங்களுக்கு டீச்சரம்மா, வாரம் இரண்டு நாள் நான்கு பிள்ளைகளை ஆட்டோவில் அங்கே கூட்டிப்போகிறார். ஆட்டோ, சாப்பாடு, அவருக்கு ஒரு தொகை, எல்லாவற்றையும் நான்கு வீடும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவர் பணம் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். வற்புறுத்திக் கொடுத்தோம். சும்மா செய்கிறவரிடம் "நாளைக்கும் வருவீர்களா" என்று கேட்க நாக்கு வராது.

பாட்டும் பரதமும் சிலம்பமும் சேர்க்க நினைக்கிறவர்கள், தனியார் வகுப்பைத் தேடும் முன் உங்கள் மாவட்டத்து ஜவகர் சிறுவர் மன்றத்தைப் போய்ப் பாருங்கள். கலை பண்பாட்டுத் துறை நடத்துவது, ஐந்து முதல் பதினாறு வயது வரைக்கும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வீடு மாற்றி வீடு

வெற்றுக் கட்டங்களை அதிகம் நிரப்பியது முகாம் எதுவும் இல்லை, எங்கள் தெருவில் வைத்திருக்கிற முறைதான். நான்கு வீடு, ஏழு பிள்ளைகள். ஆளுக்கு வாரத்தில் ஒரு பகல். என் முறை டே-ஆஃபில் வரும். எதிர்வீட்டு மதினி தையல் மெஷினில் இருந்துகொண்டே பார்த்துக்கொள்வார். ஒருவருக்கு வியாழக்கிழமை வேலை வந்துவிட்டால் அவரே மாற்று ஆளைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் தலையில் விடக் கூடாது.

இதை ஆரம்பிக்கும் முன் நான்கு வீட்டுப் பெரியவர்களும் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிட வேண்டும். மொட்டைமாடிக்குத் தனியாகப் போகலாமா, கேஸ் அடுப்பைத் தொடலாமா, செல்போன் எவ்வளவு நேரம், சண்டை வந்தால் மற்ற வீட்டுப் பிள்ளையை அதட்டலாமா, அசைவம் உண்டா, எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது. கடைசியில் வரவேண்டிய பேச்சு கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் பேசுங்கள்: பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் அந்த வீட்டுக்கு வேறு யார் யார் வந்து போவார்கள்? எங்கள் வீட்டில் ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறோம். அப்பா அனுப்பினார், அம்மாவுக்கு அடிபட்டுவிட்டது என்று யார் வந்து கூப்பிட்டாலும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் பிள்ளை கூடப் போகாது. 1098 குழந்தைகள் உதவி எண் என்பதும் இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

காசு கொடுத்து அனுப்புவதென்றால்

தனியார் முழுப் பகல் முகாம் தேவைப்படுகிற வாரங்கள் எனக்கும் உண்டு. நோட்டீஸில் எத்தனை கலை கற்றுத் தருகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. நேரில் போவேன், அதுவும் பகல் பன்னிரண்டு மணிக்கு, சொல்லாமல். முதலில் கழிப்பறை. தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பெண்பிள்ளைகளுக்குத் தனியா, கூட்டிப்போவது யார்? கழிப்பறை சரியில்லாத இடத்தில் பிள்ளைகள் பகல் முழுக்க அடக்கிக்கொள்வார்கள், அதற்காகத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். மே மாதத்தில் நீர்க்கடுப்போடு எங்கள் ஓபிக்கு வருகிற சிறுமிகள் பலருக்கு இதுதான் கதை. அப்புறம் கேட்க வேண்டியவை: ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், கேட்டில் யார் நிற்கிறார், நான் எழுதிக் கொடுத்த ஆளைத் தவிர வேறொருவர் வந்தால் பிள்ளையை அனுப்புவார்களா, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே விளையாட விடுகிறார்களா. கடைசிக் கேள்விக்கு "நிழல்லதான் மேடம்" என்று பதில் வந்தால் நான் வேறிடம் பார்ப்பேன்.

பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். வாரக் கணக்கில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், பாதி இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ எல்லாம் சேர்ந்து வரும். அந்தத் தொகையை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தில்தான் லீவுச் செலவு. வரிசையை மாற்றினால் அடகுக் கடைதான்.

நீச்சல் ஒன்றுக்கு மட்டும் நான் யோசிக்காமல் பணம் கட்டுவேன். லீவில் கண்மாயிலும் கிணற்றிலும் குவாரிக் குழியிலும் போகிற உயிர்கள் ஒவ்வொரு வருஷமும் செய்தித்தாளில் வருகின்றன. பயிற்சியாளர் கரையில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறாரா, பிள்ளைகளோடு தண்ணீரில் இருக்கிறாரா என்று பார்த்துச் சேருங்கள். குளித்து வந்ததும் தலையைச் சாய்த்துக் காதில் இருக்கிற தண்ணீரை வடியவிட்டுத் துண்டால் வெளிப்பக்கம் ஒற்றினால் போதும், பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம்.

பையில் என்ன

ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, மாற்றுத் துணி, ஒரு ஓஆர்எஸ் பொட்டலம். ஓஆர்எஸ்ஸில் பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரிலும், சின்னதை 200 மில்லியிலும் கலக்க வேண்டும். மேலே எழுதியிருப்பதைப் படித்துக் கலக்குங்கள், பெரியதைக் கண்ணாடி டம்ளரில் கொட்டிக் கொடுத்துவிடாதீர்கள். பழச்சுவையில் டப்பாவில் வருகிற இனிப்புத் தண்ணீரை ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. சாதாரண நாளுக்கு நீர்மோர், நுங்கு, இளநீர் எதுவும் நல்லது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று பிள்ளைகளே பார்க்கப் பழக்கிவிடுங்கள். சின்னவன் இதைப் பெருமையாக எல்லாரிடமும் அறிவிப்பான், அதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெயிலில் விளையாடிய பிள்ளை உளறினாலோ, உடம்பு கொதிக்க மயங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

அம்மை போட்டால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரைக்கும், பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாளுக்கும் எங்கேயும் அனுப்பக் கூடாது. கட்டிய பணம் வீணாகுமே என்று மாத்திரை போட்டு அனுப்புகிறவர்களால்தான் ஒரே முகாமிலிருந்து அஞ்சாறு பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள்.

விட்டுவைக்க வேண்டியவை

எல்லாக் கட்டத்திலும் ஆள் வேண்டும், எல்லாக் கட்டத்திலும் வேலை வேண்டியதில்லை. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை எங்கள் வீட்டில் டிவியோ போனோ பார்க்கலாம். நைட் முடித்து வந்தவள் தூங்க வேண்டும், இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. மூன்று மணிக்கு அணைந்துவிடும்.

பெரியவளுக்கு நான் வைத்திருக்கிற பாடத்திட்டம் வேறு. தோசை வார்ப்பது, பட்டன் தைப்பது, பஞ்சர் கடைக்குச் சைக்கிளைத் தானே கொண்டுபோவது. பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே தபால் நிலையச் சேமிப்புக் கணக்கைக் கையாளலாம். போன மே மாதம் விண்ணப்பத்தை அவளே நிரப்பி வரிசையில் நின்று கொடுத்தாள், கவுன்டரில் இருந்தவர் "கையெழுத்தை மாத்தாம போடும்மா" என்று சொன்னதிலிருந்து ஒரு நோட்டு முழுக்கக் கையெழுத்துப் பழகித் தள்ளிவிட்டாள். குடும்பமாக வெளியே போவது வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஆஃப் ஒன்றாக விழுகிற நாளில் மட்டும். விடியற்காலையில் கீழக்குயில்குடிச் சமணர் மலை, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். இன்னொரு நாள் கீழடி அருங்காட்சியகம், பஸ்ஸிலேயே போய்வரலாம். சின்னவன் அங்கே பகடைக்காய்க்கு முன்னால் நின்று நகரவேயில்லை.

கடைசியாகச் சார்ட்டின் அடிப்பகுதி. பள்ளி திறக்கும் தேதியோடு தாளை முடித்துவிடாதீர்கள், அதன்கீழ் இன்னும் பத்து நாளுக்குக் கோடு போடுங்கள். 2023இல் ஜூன் 1 என்றார்கள், வெயில் குறையாததால் 7 ஆகி, பிறகு 12 ஆனது, சின்ன வகுப்புகளுக்கு 14. 2024இல் ஜூன் 6 என்பது 10 ஆயிற்று. அந்த நேரத்தில் முகாம்கள் முடிந்திருக்கும், பாட்டியும் களைத்திருப்பார், டீச்சரம்மா மகள் வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் மே மாதத்து டே-ஆஃபில் இரண்டை எடுக்காமல் சேர்த்து வைப்பேன், வீட்டுக்காரரும் அந்த வாரத்துக்கு ஒரு லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். சொன்ன தேதியில் பள்ளி திறந்துவிட்டால் அந்த இரண்டு நாளும் நான் தூங்குவேன்.